சாம்பல் கோடு எங்கிருந்து வருகிறது? – இணையதளக் கேள்வி பதில்

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், படங்களை அடுக்கிக் காட்டும் கேலரியைப் பற்றி ஏராளமான கடிதங்கள் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழ்ப் பகுதி முழுக்க அதற்கே. படிக்குமுன் ஒரு சின்னக் குறிப்பு: ஃபில்டர், கிளாஸ் பெயர்களையெல்லாம் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தளத்தில் சேர்க்கும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவே வரும் கோடுகளையும் விடாமல் தட்டச்சு செய்யுங்கள். ஃபில்டர் என்பது வேர்ட்பிரஸ் உருவாக்குவதை நடுவில் புகுந்து மாற்ற உதவும் வசதி. கிளாஸ், ஐடி இரண்டும் பக்கத்தில் உள்ள பொருள்களுக்கு வைக்கும் பெயர்கள்: கிளாஸ் பலவற்றுக்குப் பொது, ஐடி ஒன்றுக்கே உரியது.

கேள்வி: என் கேலரியில் ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் ஒரு சாம்பல் நிறக் கோடு வருகிறது. தீமின் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) சிஎஸ்எஸ் (நிறம், அளவு, இடைவெளி சொல்லும் மொழி) கோப்பைத் திறந்து, 'கேலரி' என்ற கிளாஸுக்குள் இருக்கும் படங்களுக்கு பார்டர் வேண்டாம் என்று எழுதினேன். கோடு போகவில்லை. வேறு சில மாற்றங்களும் செய்திருந்தேன். போன வாரம் தீம் அப்டேட் ஆனதும் அவையும் காணாமல் போய்விட்டன. என்னதான் செய்வது? – புகைப்படக் கலைஞர் ஒருவர்

பதில்: கோட்டை முதலில் பார்ப்போம். அது உங்கள் தீமிலிருந்து வரவில்லை, வேர்ட்பிரஸ்தான் அதைப் போடுகிறது. சதுர அடைப்புக்குறிக்குள் 'கேலரி' என்று எழுதும் ஷார்ட்கோட் 2008-ல் 2.5 பதிப்போடு வந்தது. அந்த ஷார்ட்கோட் படங்களை அடுக்கும்போது, கூடவே ஒரு சின்ன ஸ்டைல் பகுதியையும் பதிவின் நடுவிலேயே எழுதிவிடுகிறது. படங்களை இடப்பக்கமாக மிதக்கவிடுவது, மேலே 10 பிக்சல் இடைவெளி, 2 பிக்சல் சாம்பல் பார்டர் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பக்கத்தின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' போட்டுப் பாருங்கள். பார்டர் விதி '#கேலரி-1' என்ற ஐடியைக் கொண்டு எழுதப்பட்டிருக்கும். ஒரே பொருளுக்கு ஐடி ஒன்று சொல்லி, கிளாஸ் வேறு சொன்னால், பிரவுசர் ஐடி சொல்வதைத்தான் கேட்கும். நீங்கள் எழுதிய வரி சரியான வரிதான், ஆனால் அதன் பலம் போதவில்லை.

கோடு மட்டும்தான் தொந்தரவு என்றால், உங்கள் வரியின் கடைசியில் '!இம்பார்ட்டன்ட்' சேர்த்தால் முடிந்தது. அதைத் தொடவே கூடாது என்பவர்கள் உண்டு. இந்த மாதிரி ஓரிடத்தில் போடுவதில் எந்தக் கெடுதலும் இல்லை என்பது என் கருத்து. ஸ்டைல் பகுதியே வேண்டாமென்றால் 'யூஸ்_டிஃபால்ட்_கேலரி_ஸ்டைல்' என்ற ஃபில்டருக்கு '__ரிட்டர்ன்_ஃபால்ஸ்' கொடுங்கள். ஒரே வரி. ஆனால் ஒன்றை யோசித்துவிட்டுச் செய்யுங்கள். கோட்டோடு சேர்ந்து அடுக்கும் போய்விடும். படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். எத்தனை நெடுவரிசை, எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் அப்புறம் நீங்களே எழுத வேண்டும். முழு வடிவமைப்பையும் கையில் எடுக்க விரும்புகிறவருக்கு இது நல்லது. கோடு போனால் போதும் என்பவருக்கு வீண் வேலை.

அப்டேட்டில் மாற்றங்கள் போனதற்குக் காரணம், அவற்றைத் தீமின் சொந்தக் கோப்பிலேயே எழுதியது. அப்டேட் என்றால் அந்த ஃபோல்டரை அழித்துப் புதிதாக வைப்பது. சிஎஸ்எஸ் மட்டும் என்றால் 'அடிஷனல் சிஎஸ்எஸ்' பகுதியில் எழுதுங்கள், அது தரவுத்தளத்தில் சேமிக்கப்படும். ஃபில்டர் மாதிரி பிஹெச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) வரிகள் என்றால் ஒரு சைல்டு தீம் (முதன்மைத் தீமைத் தொடாமல் மேலே சேர்க்கும் துணைத் தீம்) வைத்து அதன் ஃபங்ஷன்ஸ் கோப்பில் போடுங்கள். இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுதான் பிடிக்கும்: நான்கு வரியில் ஒரு சின்ன ப்ளக்இன் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்) எழுதி அதற்குள் வைத்துவிடுவது. பின்னால் தீமையே மாற்றினாலும் கேலரி நீங்கள் விரும்பியபடியே இருக்கும்.

கேள்வி: கேலரியின் ஹெச்டிஎம்எல்லை (பக்கத்தைக் கட்டும் குறிமொழி) முழுதாக மாற்ற 'போஸ்ட்_கேலரி' ஃபில்டரைப் பயன்படுத்தலாம் என்று ஒரு பழைய கட்டுரையில் படித்தேன். அப்படியே எழுதினேன். பிழையும் வரவில்லை, பலனும் இல்லை. அந்த ஃபங்ஷன் ஓடுவதாகவே தெரியவில்லை. – வடிவமைப்பு பயிலும் மாணவி

பதில்: உங்கள் ஃபங்ஷனில் தவறு இருக்காது. அது காத்திருக்கும் வாசல் வழியாக உங்கள் கேலரி வருவதே இல்லை.

2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸில் பிளாக் எடிட்டர் (பத்தி, படம், கேலரி என்று துண்டு துண்டாகப் பதிவைக் கட்டும் முறை) இருக்கிறது. அதில் சேர்க்கும் கேலரி பிளாக்குக்கும் ஷார்ட்கோடுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. ஷார்ட்கோட் ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் படங்களின் எண்களைப் பார்த்து ஹெச்டிஎம்எல்லைப் புதிதாகக் கட்டுகிறது. கட்டத் தொடங்குமுன் 'போஸ்ட்_கேலரி' வழியாக "நீங்கள் ஏதாவது தருகிறீர்களா?" என்று கேட்கிறது. காலியாக இல்லாத ஒரு சரத்தை நீங்கள் திருப்பிக் கொடுத்தால், தன் வேலையை விட்டுவிட்டு அதையே காட்டும். பிளாக் அப்படியில்லை. நீங்கள் சேமிக்கும்போதே ஹெச்டிஎம்எல் முழுவதும் பதிவோடு எழுதப்பட்டுவிடுகிறது. காட்டும் நேரத்தில் அதை எடுத்து வைப்பதுதான் பெரும்பாலும் நடப்பது.

அங்கே உங்களுக்கு வேண்டிய ஃபில்டர் 'ரெண்டர்_பிளாக்_கோர்/கேலரி'. 5.7 பதிப்பிலிருந்து பிளாக்கின் பெயரைச் சேர்த்து இப்படி எழுதலாம். முதல் மதிப்பாக ஏற்கெனவே தயாரான ஹெச்டிஎம்எல் வரும், இரண்டாவதாக பிளாக்கின் விவரங்கள் வரும். இங்கே பலரும் தடுமாறும் ஒரு விஷயம் இருக்கிறது. 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பில் கேலரி பிளாக்கின் உள்ளமைப்பையே மாற்றினார்கள். அதற்கு முன் படங்களின் எண்கள் கேலரியின் பண்புகளில் 'ஐடிஸ்' என்ற பட்டியலாக இருந்தன. இப்போது கேலரிக்குள் ஒவ்வொரு படமும் தனி இமேஜ் பிளாக். ஆகவே 'இன்னர்பிளாக்ஸ்' (இதில் 'பிளாக்ஸ்' மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும்) வரிசையில் ஒவ்வொன்றாகப் போய், அதன் பண்புகளிலிருந்து எண்ணை எடுக்க வேண்டும்.

பழைய பதிவுகள் தாமாக மாறுவதில்லை. 5.9-க்கு முன் எழுதியவை பட்டியல் வடிவிலேயே, பெரும்பாலும் 'பிளாக்ஸ்-கேலரி-கிரிட்' என்ற கிளாஸோடு, தரவுத்தளத்தில் கிடக்கும். புதியவற்றில் 'ஹேஸ்-நெஸ்டட்-இமேஜஸ்' என்ற கிளாஸ் இருக்கும். பல வருடத் தளம் என்றால் ஷார்ட்கோட், பழைய பிளாக், புதிய பிளாக் என்று மூன்று வகையும் கலந்திருக்க வாய்ப்புண்டு. எனவே எதையும் எழுதுமுன், மாற்ற நினைக்கும் பக்கத்தில் இருப்பது எந்த வகை என்று இன்ஸ்பெக்ட் செய்து பாருங்கள். கேலரி பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரு கிளாஸ் சேர்ப்பது, ஒரு பண்பை மாற்றுவது போன்ற சிறிய வேலை என்றால், முழு ஹெச்டிஎம்எல்லையும் திரும்பக் கட்டாதீர்கள். 6.2 பதிப்பில் வந்த 'டபிள்யூபி_ஹெச்டிஎம்எல்_டேக்_ப்ராசஸர்' அதற்காகவே இருக்கிறது (இது பிஹெச்பி கிளாஸின் பெயர், ஆகவே வேர்ட்பிரஸ் ஆவணத்தில் உள்ளபடி பெரிய எழுத்துகள் கலந்து எழுதுங்கள்). சரத்தை வெட்டி ஒட்டி மாற்றுவதைவிட ஆயிரம் மடங்கு நிம்மதி.

கேள்வி: கேலரி பிளாக்கில் மூன்று நெடுவரிசை வைத்து ஏழு படங்கள் சேர்த்தேன். ஏழாவது படம் மட்டும் பக்கம் முழுக்க விரிந்து பூதம் மாதிரி நிற்கிறது. சரிசெய்ய, கேலரிக்கு 'டிஸ்ப்ளே: கிரிட்' கொடுத்து மூன்று கட்டமாகப் பிரித்துப் பார்த்தேன். இப்போது எல்லாப் படமும் குச்சி மாதிரி ஒல்லியாகிவிட்டன! – கையால் செய்த பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் வாசகி

பதில்: உங்கள் இரண்டு சிக்கல்களுக்கும் காரணம் சொல்கிறேன், அப்புறம் நீங்களே தீர்த்துவிடுவீர்கள்.

கேலரி பிளாக் ஃப்ளெக்ஸ் முறையில் (இடத்துக்கேற்ப நீட்டிச் சுருக்கி வரிசையாக வைக்கும் சிஎஸ்எஸ் முறை) அடுக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு படச் சட்டத்துக்கும் 'ஃப்ளெக்ஸ்-க்ரோ: 1' கொடுத்திருக்கிறார்கள். வரிசையில் மீதி இடம் இருந்தால் நிரப்பிக்கொள் என்று பொருள். மூன்று படம் உள்ள வரிசையில் மீதி இடமே இருக்காது. கடைசி வரிசையில் தனியாக நிற்கும் ஏழாவது படத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம் மீதி, அதையும் எடுத்துக்கொண்டது. 'டபிள்யூபி-பிளாக்-கேலரி', 'ஹேஸ்-நெஸ்டட்-இமேஜஸ்', அதற்குள் ஃபிகர், அதன் 'டபிள்யூபி-பிளாக்-இமேஜ்' என்று அவர்கள் எழுதியது போலவே முழுதாக எழுதி, 'ஃப்ளெக்ஸ்-க்ரோ: 0' கொடுத்தால் படம் தன் அளவுக்குத் திரும்பிவிடும்.

கிரிட் போட்டபோது நடந்தது வேறு. ஒவ்வொரு படத்துக்கும் ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு அகலம் என்று விதி இருக்கிறது. கிரிட் வந்ததும் படத்தின் வீடு முழுப் பக்கம் இல்லை, மூன்றில் ஒரு பங்கான கட்டம். அதற்குள்ளும் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒன்பதில் ஒரு பங்குதானே! சரி, அகலத்தை 100 சதவீதம் என்று மாற்றலாம் என்று எழுதினால் அதுவும் ஏறாது. அந்த விதியின் நுனியில் ':நாட்(#இன்டிவிஜுவல்-இமேஜ்)' என்று ஒன்று ஒட்டியிருக்கிறது. அப்படி ஓர் ஐடி உங்கள் பக்கத்தில் எங்குமே இருக்காது. ஆனால் 'நாட்'-க்குள் எழுதினாலும் ஐடியின் பலம் விதிக்குச் சேர்ந்துவிடும். நீங்களும் அதே வாலை ஒட்டி எழுதுங்கள், ஏறிவிடும். அல்லது கிரிட்டை விட்டுவிட்டு முதல் வழியிலேயே போங்கள். ஏழு படத்துக்கு அதுவே போதும்.

போனில் மூன்று இரண்டாகிவிடுகிறதே என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 600 பிக்சலுக்குக் குறைந்த திரையில் இரண்டு நெடுவரிசை என்பது பிளாக்கின் இயல்பு. அதை மாற்றாதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. கைத்திரையில் மூன்று படம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் வேலைப்பாடு யாருக்கும் தெரியாது.

கேள்வி: எங்கள் பள்ளித் தளத்தில் ஆண்டுவிழாப் படங்களைப் போட்டால் பிள்ளைகளின் தலை வெட்டுப்பட்டுப் போகிறது. பெற்றோர் வருத்தப்படுகிறார்கள். – ஆசிரியர் ஒருவர்

பதில்: வெட்டு இரண்டு வகை. ஒன்றில் படமே வெட்டப்பட்டிருக்கும், இன்னொன்றில் பார்வைக்கு மட்டும்.

ஷார்ட்கோட் கேலரி சொல்லாமல் விட்டால் 'தம்ப்நெயில்' அளவை எடுக்கும். அது 150-க்கு 150 சதுரம், நடுவிலிருந்து வெட்டப்பட்ட தனிக் கோப்பு. நின்றபடி எடுத்த படத்தில் தலை மேலே இருப்பதால் அது வெளியே போய்விடுகிறது. மிக எளிய தீர்வு, ஷார்ட்கோடில் சைஸ் என்ற இடத்தில் 'மீடியம்' என்று கொடுப்பது. மீடியம் வெட்டப்படாது, அதிகபட்சம் 300 பிக்சலுக்குள் விகிதம் மாறாமல் சுருங்கும். சதுரம்தான் வேண்டும் என்றால் 'ஆட்_இமேஜ்_சைஸ்' கொண்டு புதிய அளவு ஒன்றை உண்டாக்கி, வெட்டும் இடமாக 'சென்டர்', 'டாப்' என்று கொடுங்கள். மேற்பகுதி தப்பும். இது இனிமேல் ஏற்றும் படங்களுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே ஏற்றியவற்றுக்குத் தம்ப்நெயில்களைத் திரும்ப உருவாக்கும் ப்ளக்இன் ஒன்றை ஒருமுறை ஓட்ட வேண்டும்.

பிளாக் கேலரி என்றால் வேலை இன்னும் சுலபம். வலப்பக்கப் பலகையில் படங்களை க்ராப் செய்யும் விருப்பம் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். உயரம் ஒரே சீராக இருக்க வேண்டுமென்று விரும்பினால் அணைக்காமல், அந்தப் படங்களுக்கு 'ஆப்ஜெக்ட்-பொசிஷன்: சென்டர் டாப்' என்று சிஎஸ்எஸ்ஸில் எழுதுங்கள். இங்கே கோப்பு வெட்டப்படவே இல்லை, சட்டத்துக்கு வெளியே மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மேடையில் ஒரு குழந்தை நிற்கும் ஒரே படம் அதுவாக இருக்கலாம். அதனால் பிள்ளைகளின் படங்களுக்கு க்ராப்பை அணைத்து வைப்பதையே நான் விரும்புவேன். வரிசை கொஞ்சம் ஏற்றத்தாழ்வாக இருந்தால் இருக்கட்டும்.

கேள்வி: படத்தைத் தொட்டால் அந்த ஒரு படம் மட்டும் உள்ள வெறும் பக்கம் ஒன்று திறக்கிறது. பெரிதாகத் தெரிந்தால் போதும்.

பதில்: அது அட்டாச்மென்ட் பக்கம். ஷார்ட்கோடில் லிங்க் என்ற இடத்தைக் காலியாக விட்டால் அங்கேதான் போகும். 'ஃபைல்' என்று கொடுத்தால் படமே திறக்கும், 'நன்' என்றால் இணைப்பே இருக்காது. 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்புக்குப் பிறகு புதிதாக நிறுவிய தளங்களில் இந்தப் பக்கங்கள் இயல்பாகவே அணைக்கப்பட்டுள்ளன. அதே பதிப்பிலிருந்து இமேஜ் பிளாக்கில் கிளிக் செய்தால் பெரிதாக்கும் வசதியும் இருக்கிறது. இதற்காக மட்டும் ஒரு லைட்பாக்ஸ் ப்ளக்இன் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதை எடுத்துவிடலாம்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் படங்கள் வரிசை மாறி வர வேண்டும். ஷார்ட்கோடில் 'ஆர்டர்பை' என்பதற்கு 'ராண்ட்' கொடுத்தேன். ஒருமுறை மாறியது, அப்புறம் அப்படியே நிற்கிறது.

பதில்: கேஷ் ப்ளக்இன் இருக்கிறதா? முதலில் குலுக்கிய பக்கத்தைச் சேமித்து எல்லோருக்கும் அதையே கொடுக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் கேஷிலிருந்து விலக்குங்கள்.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் வைத்துத்தான் இணையத்தைப் பயன்படுத்துகிறேன். பல தளங்களில் கேலரிக்குள் போனால் 'ஐஎம்ஜி அடிக்கோடு இரண்டு பூஜ்யம்' என்று கோப்புப் பெயர்களாகவே வாசிக்கிறது. தளம் நடத்துகிறவர்களுக்கு நீங்கள் சொல்லக் கூடாதா?

பதில்: சொல்கிறேன், விரிவாகவே. கேலரியை அழகாக்க எத்தனையோ பேர் கேட்கிறார்கள். இதைக் கேட்டவர் நீங்கள்தான்.

படத்துக்கு மாற்று உரை (படத்தைச் சொற்களில் விவரிக்கும் வரி) இல்லாமல், அது ஓர் இணைப்புக்குள்ளும் இருந்தால், திரைவாசிப்பானுக்குச் சொல்ல வேறெதுவும் இல்லை. இணைப்பின் முகவரியை எடுத்து வாசிக்கும், முகவரியின் நுனியில் கோப்புப் பெயர் இருக்கும். அறுபது படம் உள்ள கேலரியில் அறுபது முறை இதுவே. பெரிதாக்கத் தேவையில்லாத படங்களிலிருந்து இணைப்பை எடுத்தாலே பாதித் தொல்லை தீரும்.

மாற்று உரையை எங்கே எழுதுவது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. தளம் நடத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஷார்ட்கோட் கேலரி ஒவ்வொரு முறையும் மீடியா லைப்ரரியில் இருந்து மாற்று உரையைப் படிக்கும். அங்கே எழுதினால் எல்லாப் பழைய பக்கங்களிலும் வந்துவிடும். பிளாக் கேலரியில் படத்தைச் சேர்த்த அந்த நேரத்தில் லைப்ரரியில் என்ன இருந்ததோ அது பதிவோடு சேர்த்து எழுதப்பட்டுவிடும். பிறகு லைப்ரரியில் உட்கார்ந்து நூறு படத்துக்கு அழகாக உரை எழுதினாலும், ஏற்கெனவே வெளியான பக்கங்களில் ஒன்றுகூட மாறாது. பதிவைத் திறந்து ஒவ்வொரு படத்திலும் எழுத வேண்டும். அல்லது முன்பு சொன்ன 'ரெண்டர்_பிளாக்' ஃபில்டரில், மாற்று உரை காலியாக உள்ள படங்களுக்கு மட்டும் லைப்ரரியில் உள்ளதை எடுத்து வைக்கலாம். கேலரி ஹெச்டிஎம்எல்லைத் தொட வேண்டிய காரணங்களில் என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான்.

படக்குறிப்பையே மாற்று உரையிலும் ஒட்டிவிடாதீர்கள். ஒரே வாக்கியத்தை இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும். படக்குறிப்பு 'பரிசளிப்பு' என்றால், மாற்று உரையில் யார், என்ன செய்கிறார் என்று எழுதுங்கள்: 'சிவப்பு உடை அணிந்த சிறுமி கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.'

கேள்வி: அறுபது படங்கள் உள்ள கேலரிப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. கேமராவிலிருந்து அப்படியே ஏற்றியது காரணமா?

பதில்: ஓரளவுக்குத்தான். 5.3 பதிப்பிலிருந்து, 2560 பிக்சலைத் தாண்டும் படத்தை வேர்ட்பிரஸ் தானே சுருக்கிவிடுகிறது. 4.4-லிருந்து திரைக்கேற்ற கோப்பைப் பிரவுசர் தேர்ந்தெடுக்கிறது. 5.5-லிருந்து கீழே உள்ள படங்கள், அங்கே போனால்தான் இறங்கும். இவ்வளவும் இருந்தும் பக்கம் கனக்கிறது என்றால், கேலரியின் படஅளவு 'ஃபுல்' என்று இருக்கிறதா பாருங்கள். 'லார்ஜ்' ஆக்குங்கள், அதிகபட்சம் 1024 பிக்சல்.

அடுத்து 'சைஸஸ்' என்ற பண்பு. படம் திரையில் எவ்வளவு அகலத்தில் நிற்கும் என்று பிரவுசருக்குச் சொல்வது அதுதான். இயல்பாக அதில் எழுதப்படுவது படத்தின் முழு அகலம், மூன்று நெடுவரிசையில் மூன்றில் ஒரு பங்குதான் நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே பிரவுசர் தேவையைவிடப் பெரிய கோப்பை இழுக்கிறது. 'டபிள்யூபி_கால்குலேட்_இமேஜ்_சைஸஸ்' ஃபில்டரில் சரியான அகலத்தைக் கொடுக்கலாம். 6.7 பதிப்பு என்றால், தாமதமாக இறங்கும் படங்களுக்கு அங்கே 'ஆட்டோ' சேர்ந்துவிடுகிறது. அதைப் புரிந்துகொள்ளும் பிரவுசர்கள் தாமே அளந்துகொள்ளும். அதனால் ஃபில்டர் எழுதுமுன் வேர்ட்பிரஸை அப்டேட் செய்துவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தளம் வேர்ட்பிரஸில் இல்லை, ட்ரூபல் என்ற வேறொரு தள மென்பொருளில் இருக்கிறது. நீங்கள் சொல்வதில் ஏதாவது எங்களுக்குப் பயன்படுமா?

பதில்: படஅளவை இமேஜ் ஸ்டைல்ஸ் பகுதியில் மாற்றுங்கள், நிரல் எழுதத் தேவையில்லை. அளவை மாற்றினால் பழைய நகல்களை ட்ரூபல் தானே தூக்கிவிட்டு, யாராவது கேட்கும்போது புதிதாக உருவாக்கும். ஹெச்டிஎம்எல்லையே மாற்ற வேண்டுமென்றால் ட்விக் டீபக்கை (டெம்ப்ளேட்களைச் சோதிக்கும் வசதி) இயக்கிவிட்டுப் பக்கத்தின் மூலத்தைப் பாருங்கள். கேலரியை எந்த டெம்ப்ளேட் கோப்பு உருவாக்கியது, அதற்குப் பதிலாக என்னென்ன பெயர்களில் வைக்கலாம் என்று குறிப்புகளாக எழுதியிருக்கும். அந்தக் கோப்பை உங்கள் தீமின் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டருக்கு நகலெடுத்து, குறிப்பில் உள்ள பெயர்களில் பொருத்தமானதை வைத்து, கேஷை அழியுங்கள். வேலை முடிந்ததும் டீபக்கை அணைக்க மறக்காதீர்கள், அது ஓடிக்கொண்டிருந்தால் தளம் மெதுவாகிவிடும்.